பால்டிக் கடலோரத்தில் ஒரு கோடைப் பயணம்

1628ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மக்கள் கூட்டம் திரண்டிருந்தது. சுவீடன் மன்னர் இரண்டாம் கஸ்டவ் அடால்ஃபின் ஆணைப்படி கட்டப்பட்ட 'வாசா' என்னும் போர்க்கப்பல் அன்று முதன்முறையாகப் பாய் விரித்துப் புறப்பட்டது. இரண்டு பீரங்கித் தளங்கள், 64 பீரங்கிகள், வண்ணம் தீட்டிய மரச் சிற்பங்கள் என அந்நாளின் பெருமிதம் முழுவதும் அதில் ஏற்றப்பட்டிருந்தது. கப்பல் 1,300 மீட்டர் அளவே சென்றது. காற்று சற்று வலுத்ததும் அது ஒருபுறம் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கித் துளைகளின் வழியே நீர் புகுந்தது. கரையில் நின்றவர்களின் கண்முன்னே கப்பல் மூழ்கிப்போயிற்று.

மேலே பாரம் மிகுந்திருந்தது; அதை நிலைநிறுத்தும் எடை அடியில் போதவில்லை. இது முன்கூட்டித் தெரியாத செய்தியும் அன்று. புறப்பாட்டுக்கு முன்பே முப்பது பேரை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு ஓடச் செய்து ஒரு சோதனை நடத்தினார்கள். கப்பல் அச்சம் தரும் அளவுக்கு ஆடியதால் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. ஆனால் பயணம் நிறுத்தப்படவில்லை.

333 ஆண்டுகள் நீரடியில் கிடந்த அக்கப்பல் 1961இல் வெளியே எடுக்கப்பட்டு, இன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ முழு உருவில் நிற்கிறது. பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழுக்கள் அந்நீரில் வாழ்வதில்லை. அதனாலேயே மரம் தப்பிப் பிழைத்தது.

பால்டிக் நகரங்களுக்குச் செல்வோர் தவறாமல் காண வேண்டிய காட்சி இது. செல்வதற்குத் திட்டமிடுவோரும் நினைவில் கொள்ள வேண்டிய பாடம் இது. வெளிநாட்டுப் பயணத்திற்கெனக் கிளைக்கு வரும் குடும்பங்களிடம் பேசும்போது, பெரும்பாலும் மேல்தளம் முழுமையாக இருப்பதைக் காண்கிறோம். எத்தனை நகரங்கள், எந்தெந்தக் காட்சிகள் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். நாள், விசா, செலவு, உடல்நலம் ஆகிய அடித்தளத்து எடைகள்தாம் கடைசி நேரத்திற்கு ஒதுக்கப்பட்டிருக்கும். பல ஆண்டுச் சேமிப்பு இரண்டு வாரங்களில் செலவாகும் ஒரு முயற்சியில் இந்த வரிசை மாறியிருப்பது நல்லதன்று. ஆகவே, பால்டிக் பயணத்தை எந்த வரிசையில் திட்டமிடுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

எந்த நகரங்கள்?

பால்டிக் கடலைச் சுற்றி ஒன்பது நாடுகள் உள்ளன: டென்மார்க், சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா, போலந்து, ஜெர்மனி. இவற்றுள் ரஷ்யா நீங்கலாக மற்ற எட்டும் ஷெங்கன் உடன்பாட்டில் இணைந்தவை. ஒரே விசாவில் எட்டு நாடுகளுக்கும் செல்லலாம். முன்பெல்லாம் பால்டிக் சுற்றுலா என்றாலே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் அதில் இடம்பெறும். 2022 முதல் பெரிய சுற்றுலாக் கப்பல் நிறுவனங்கள் அந்நகரைத் தம் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. பின்லாந்தும் ரஷ்யாவுடனான தரைவழி எல்லையை 2023 இறுதியில் மூடிவிட்டது. எனவே பழைய பயண நூல்களைப் பார்த்துத் திட்டமிடுவோர் இம்மாற்றத்தை முதலில் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதல்முறை செல்வோருக்கு ஐந்து நகரங்கள் போதும் என்பது எம் கருத்து.

முதலாவது ஸ்டாக்ஹோம். தீவுகளின் மீது அமைந்த சுவீடன் நாட்டுத் தலைநகரம். பழைய நகரமும், வாசா அருங்காட்சியகமும், ஸ்கான்சன் என்னும் திறந்தவெளி அருங்காட்சியகமும் இங்குள்ளவை. சுரங்க ரயில் நிலையங்கள் பலவும் ஓவியக் கூடங்கள் போலவே அமைக்கப்பட்டுள்ளன. அவற்றைக் காண ரயில் கட்டணமே போதும்.

இரண்டாவது ஹெல்சிங்கி. பாறையைக் குடைந்து 1969இல் எழுப்பிய தேவாலயம், 2018இல் திறக்கப்பட்ட 'ஓடி' என்னும் பொது நூலகம், யுனெஸ்கோ மரபுச் சின்னமான சுவோமென்லின்னா கடற்கோட்டை ஆகியவை இதன் சிறப்புகள். நூலகத்திற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. நகரப் போக்குவரத்துச் சீட்டையே கோட்டைக்குச் செல்லும் படகிலும் பயன்படுத்தலாம்.

மூன்றாவது தாலின். எஸ்தோனியாவின் தலைநகரம். மதில்களும் கோபுரங்களும் சூழ்ந்த இடைக்கால வணிக நகரம் ஏறத்தாழ அப்படியே இன்றும் நிற்கிறது. நகர மன்றச் சதுக்கத்தில் 1422ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே இயங்கிவரும் மருந்துக்கடை ஒன்று உண்டு.

நான்காவது ரீகா. லாட்வியாவின் தலைநகரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அலங்கார முகப்புக் கட்டடங்களுக்குப் பெயர் பெற்றது. ஆல்பர்ட் தெருவில் அவற்றுள் பலவற்றைக் கட்டியவர், திரைப்பட மேதை செர்கேய் ஐசென்ஸ்டீனின் தந்தையான மிகயில் ஐசென்ஸ்டீன். 1930இல் திறக்கப்பட்ட மையச் சந்தை, வான்கப்பல்களை நிறுத்தும் ஐந்து பெருங்கொட்டகைகளின் சட்டகங்களைக் கொண்டு அமைக்கப்பட்டது.

ஐந்தாவது வில்னியஸ். லித்துவேனியாவின் தலைநகரம். இது கடற்கரை நகரம் அன்று, உள்நாட்டில் அமைந்தது. 1579இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும், அருகில் 28 கிலோமீட்டர் தொலைவில் ஏரி நடுவே நிற்கும் திராக்காய் கோட்டையும் காணத்தக்கவை. லித்துவேனிய மொழியில் நெருப்புக்கு 'உக்னிஸ்', கடவுளுக்கு 'தியேவாஸ்', மகனுக்கு 'சூனுஸ்' என்பார்கள். அக்னி, தேவன், சூனு என்னும் வடசொற்களை அறிந்தவர்களுக்கு இவை வியப்பைத் தரும். இரண்டும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. லித்துவேனியம் அக்குடும்பத்தின் பழைய கூறுகள் பலவற்றை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது.

கோபன்ஹேகனையும் போலந்தின் துறைமுக நகரங்களையும் ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்கலாம். அவையும் அழகியவையே. ஆனால் சேர்க்கும் ஒவ்வொரு நகரமும் ஒரு நாள் பயணத்தையும், ஒரு புதிய விடுதியையும், பல வேளைகளில் ஒரு புதிய நாணயத்தையும் கூடவே கொண்டுவரும். மேல்தளத்துப் பாரம் இப்படித்தான் கூடுகிறது.

எப்போது செல்வது?

நம் ஊரில் பள்ளிக் கோடை விடுமுறை முடியும் வேளையில்தான் அங்குக் கோடை தொடங்குகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். இரவில் 12 டிகிரி அளவுக்கு இறங்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மழைக்கும் வாய்ப்பு உண்டு. ஆகவே கோடை என்னும் சொல்லை நம்பிப் பருத்தி உடைகளோடு மட்டும் புறப்படக் கூடாது; மழை தாங்கும் மேலங்கி ஒன்று கட்டாயம் வேண்டும்.

பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மே மாதத்தின் பிற்பகுதி ஏற்றது. குளிர் சற்றுக் கூடுதலாக இருக்கும்; ஆனால் பகல் அதற்குள் நீண்டுவிடும்; விடுதிகளிலும் கோடை உச்சத்தின் நெரிசல் இராது. விடுமுறைக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் ஆகஸ்ட் பிற்பகுதியையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஜூன் இறுதியில் ஹெல்சிங்கியில் கதிரவன் இரவு 10.50 மணியளவில் மறைந்து, அதிகாலை 4 மணிக்குச் சற்று முன்னதாகவே எழுந்துவிடுகிறது. இடைப்பட்ட நேரத்திலும் முழு இருள் சூழ்வதில்லை. கேட்பதற்கு இனிதாயினும், பழக்கமில்லாதவர்களுக்கும் முதியோருக்கும் உறக்கம் கெடும். கண்மறைப்புத் துணி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்வது சிறிய செயல், பயன் பெரிது.

நாள் குறிக்கும்போது நம்மவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது நடுக்கோடைத் திருவிழா. சுவீடனில் ஜூன் 19 முதல் 25 வரையிலான நாள்களுக்குள் வரும் வெள்ளிக்கிழமையும், பின்லாந்தில் ஜூன் 20 முதல் 26 வரையிலான நாள்களுக்குள் வரும் சனிக்கிழமையும் இத்திருநாள். எஸ்தோனியாவிலும் லாட்வியாவிலும் ஜூன் 23, 24 ஆகிய இரு நாள்களும், லித்துவேனியாவில் ஜூன் 24ஆம் நாளும் விடுமுறை. அந்நாள்களில் நகர மக்கள் ஊர்ப்புறங்களுக்குச் சென்றுவிடுவார்கள். கடைகள், உணவகங்கள், அருங்காட்சியகங்கள் பலவும் மூடியிருக்கும். பொங்கலன்று நம் பெருநகரங்களின் கடைவீதிக்கு வந்து நிற்கும் வெளிநாட்டவரின் நிலைதான் நமக்கும் நேரும்.

திருவிழாவையே காண விரும்பினால் அதற்கும் வழி உண்டு. ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சனிலும், ஹெல்சிங்கியின் செவுராசாரித் தீவிலும், தாலினின் திறந்தவெளி அருங்காட்சியகத்திலும் பொதுமக்களுக்கான கொண்டாட்டங்கள் நடைபெறுகின்றன. அறிந்து சென்றால் விழா. அறியாமல் சென்றால் வீணான இரண்டு நாள்.

எந்த வரிசையில் செல்வது?

சுற்றுலாக் கப்பலில் ஏறிப் பல நகரங்களை ஒரே சுற்றில் பார்ப்பது ஒரு முறை. பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும் என்பது அதன் வசதி. ஆனால் ஒவ்வொரு நகரிலும் சில மணி நேரமே கிடைக்கும்; நீண்ட மாலைப்பொழுதில், அந்நகரங்கள் மிக அழகாகத் தோன்றும் வேளையில், கப்பல் புறப்பட்டிருக்கும். நடக்க இயலாத முதியோர் உள்ள குடும்பங்களுக்கு இது பொருந்தலாம். மற்றவர்களுக்குப் பின்வரும் பதினான்கு இரவுத் திட்டத்தைப் பரிந்துரைக்கிறோம்.

ஸ்டாக்ஹோமில் மூன்று இரவுகள். பிறகு ஹெல்சிங்கி செல்லும் இரவுக் கப்பலில் ஓர் இரவு. ஹெல்சிங்கியில் இரண்டு, தாலினில் இரண்டு, ரீகாவில் நான்கு, வில்னியஸில் இரண்டு. அங்கிருந்தே தாயகம் திரும்புதல்.

ஸ்டாக்ஹோமிலிருந்து மாலையில் புறப்படும் பயணிகள் கப்பல் மறுநாள் காலையில் ஹெல்சிங்கியை அடைகிறது. ஓர் இரவு விடுதிச் செலவும் இதில் அடங்கிவிடுகிறது. முதல் சில மணி நேரம், ஸ்டாக்ஹோமைச் சூழ்ந்துள்ள ஆயிரக்கணக்கான தீவுகளுக்கும் பாறைத்திட்டுகளுக்கும் இடையே கப்பல் மெல்லச் செல்லும். அப்போது அறைக்குள் இருந்துவிடக் கூடாது. இரவில் ஓலாண்ட் தீவுகளில் கப்பல் சில நிமிடங்கள் நின்று செல்வதற்கும் ஒரு வரிக் காரணம் உண்டு. அத்தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக் கூட்டு வரி எல்லைக்கு வெளியே உள்ளவை. அங்கு நின்று செல்லும் கப்பலில் தீர்வையின்றிப் பொருள்களை விற்கலாம்.

சுவீடன் நேரம் கோடையில் நம் நேரத்தைவிட மூன்றரை மணி பின்தங்கியது. பின்லாந்தும் மற்ற மூன்று நாடுகளும் இரண்டரை மணி பின்தங்கியவை. எனவே கப்பலில் கடிகாரத்தை ஒரு மணி முன்னோக்கி நகர்த்திக்கொள்ள வேண்டும்.

ஹெல்சிங்கியிலிருந்து தாலின் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். கப்பலில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். தாலினிலிருந்து ரீகாவுக்கும், ரீகாவிலிருந்து வில்னியஸுக்கும் பேருந்தே எளிய வழி. ஒவ்வொன்றும் நான்கு மணி நேரத்தை ஒட்டியது. மூன்று தலைநகரங்களையும் இணைக்கும் 'ரயில் பால்டிகா' என்னும் புதிய இருப்புப்பாதைத் திட்டம் இன்னும் கட்டுமானத்தில் உள்ளது.

இந்தப் பேருந்துப் பயணத்தை வெறும் இடப்பெயர்ச்சியாகக் கருத வேண்டாம். 1989 ஆகஸ்ட் 23 அன்று தாலினிலிருந்து ரீகா வழியாக வில்னியஸ் வரை, 600 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவுக்கு, இலட்சக்கணக்கான மக்கள் கைகோத்து நின்றார்கள். தங்கள் நாடுகளைச் சோவியத் ஆதிக்கத்தின்கீழ்க் கொண்டுவர வழிவகுத்த 1939ஆம் ஆண்டு இரகசிய உடன்பாட்டின் ஐம்பதாவது ஆண்டு நாளில், ஒரு துப்பாக்கியும் இன்றி அவர்கள் எழுப்பிய குரல் அது. இரண்டே ஆண்டுகளில் மூன்று நாடுகளும் விடுதலையை மீட்டன. இதனை அறிந்து சன்னலோரம் அமர்ந்தால் அந்த நான்கு மணி நேரம் நீளாது.

விமானச் சீட்டைப் பொறுத்தவரை, ஸ்டாக்ஹோமில் இறங்கி வில்னியஸிலிருந்து திரும்பும் வகையில் ஒரே முன்பதிவாக எடுக்க இயலுமா என்று பார்க்க வேண்டும். சென்ற ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறும் சீட்டு சற்று மலிவாகத் தோன்றினாலும், திரும்பி வரும் கட்டணத்தையும் வீணாகும் நாளையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

விசா: இரவுகளின் எண்ணிக்கையே முடிவு செய்யும்

எந்த நாட்டிடம் விசாவுக்கு விண்ணப்பிப்பது? எந்த நாட்டில் மிகுதியான நாள்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம். நாள்கள் சமமாக இருந்தால், ஷெங்கன் எல்லைக்குள் முதலில் நுழையும் நாட்டிடம். மேற்சொன்ன திட்டத்தில் ரீகாவில் நான்கு இரவுகள் ஒதுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். நாள்களை எல்லா நகரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் குழப்பம் வரும். ஒரு நாட்டில் தெளிவாகக் கூடுதல் நாள்கள் இருந்தால் கேள்விக்கு இடமில்லை. ரீகாவில் அந்நாள்கள் வீணாகவும் மாட்டா. ரயிலில் அரை மணி நேரத்தில் யூர்மலா கடற்கரைக்குச் சென்று வரலாம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் குளிர்கால அரண்மனையைக் கட்டிய ராஸ்ட்ரெல்லியே வடிவமைத்த ருண்டாலே அரண்மனையையும் ஒரு நாளில் பார்த்துத் திரும்பலாம்.

அந்நாட்டின் விண்ணப்ப மையம் எந்தெந்த இந்திய நகரங்களில் உள்ளது என்பதையும், கைரேகை கொடுக்க நேரில் செல்லும் செலவையும், வழித்தடத்தை உறுதி செய்யும் முன்பே பார்த்துவிட வேண்டும். மையம் தொலைவில் இருந்தால், தங்கும் இரவுகளை மாற்றியமைத்து வேறு நாட்டின் மையத்தை நாடலாம். ஆனால் விசாவுக்காக ஒரு திட்டத்தைக் காட்டிவிட்டு வேறு திட்டப்படி பயணம் செய்யக் கூடாது.

விண்ணப்பத்தைப் பயணத்திற்கு ஆறு மாதத்திற்கு முன்பிருந்தே அளிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாக அளித்தாக வேண்டும். முடிவு பொதுவாக 15 நாளில் தெரியும். சில வேளைகளில் 45 நாள் வரை நீளும். கோடையில் நேர ஒதுக்கீடு கிடைப்பதே அரிது என்பதால் மூன்று மாதம் முன்னதாக அளிப்பது பாதுகாப்பானது. 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளுக்கு 45 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இத்தொகை திரும்ப வராது.

கடவுச்சீட்டு, ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் செல்லத்தக்கதாகவும், பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்கள் வேண்டும். பயணக் காலம் முழுவதற்கும் குறைந்தது 30,000 யூரோ மதிப்பிலான மருத்துவக் காப்பீடு கட்டாயம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்று முன்பே உள்ள நோய்களை மறைக்காமல் தெரிவித்து, அவற்றுக்கும் பொருந்தும் காப்பீட்டை எடுப்பது மிக முக்கியம். கட்டணத்தில் சேமிக்கும் சில நூறு ரூபாய்க்காக இதில் குறை வைத்தால், மருத்துவமனையில் அது பன்மடங்காகத் திரும்பும்.

வங்கியிலிருந்து நீங்கள் பெறும் கணக்கு அறிக்கை விசா அதிகாரியின் பார்வையில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு. மாதந்தோறும் சம்பளமோ ஓய்வூதியமோ வரவாகி, இயல்பான செலவுகள் போக இருப்பு மெல்ல வளர்ந்திருந்தால் அது நம்பிக்கை தரும். விண்ணப்பத்திற்கு முந்தைய வாரம் உறவினரிடம் பெற்ற இரண்டு இலட்சம் ரூபாய் திடீரென வரவாகியிருந்தால் அது ஐயத்தையே எழுப்பும். கடைசி நேரத்தில் அறிக்கையை அழகுபடுத்த இயலாது; ஆறு மாதம் முன்பே ஒழுங்காக வைத்திருப்பதுதான் வழி.

பணம்: எதில் கொண்டு செல்வது?

இத்திட்டத்தில் இரண்டே நாணயங்கள். சுவீடனில் குரோனா, மற்ற நான்கு நாடுகளிலும் யூரோ. எஸ்தோனியா 2011இலும், லாட்வியா 2014இலும், லித்துவேனியா 2015இலும் யூரோவை ஏற்றன. சுவீடனில் பல கடைகள் ரொக்கத்தையே வாங்குவதில்லை. ஆகவே குரோனா நோட்டுகளைத் தேடி மாற்றிச் செல்லத் தேவையில்லை.

பெரும்பகுதித் தொகையை யூரோவாக ஃபாரெக்ஸ் அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றும் நாளின் மாற்று விகிதமே உறுதியாகிவிடும். 3,000 யூரோ தேவைப்படும் குடும்பத்திற்கு, யூரோவின் மதிப்பு ஒவ்வொரு ரூபாய் ஏறும்போதும் 3,000 ரூபாய் கூடுதல் செலவு. எனவே ஒரே நாளில் ஏற்றாமல் மூன்று நான்கு தவணைகளில் ஏற்றினால் ஏற்ற இறக்கம் ஓரளவு சமன்படும். சுவீடன் செலவுக்கான சிறுபகுதியைக் குரோனாவாகவே ஏற்றிக்கொண்டால், யூரோவிலிருந்து குரோனாவுக்கு மாற்றும் கட்டணமும் மிச்சம்.

கடன் அட்டையை அவசரத் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பல அட்டைகளில் அந்நிய நாணயச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணமும் அதன்மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. ஓர் இலட்சம் ரூபாய் செலவுக்கு இது 4,130 ரூபாய். மேலும், கடையில் அட்டைக் கருவி 'ரூபாயில் செலுத்துகிறீர்களா, யூரோவிலா?' என்று கேட்டால், யூரோ என்றே தேர்ந்தெடுக்க வேண்டும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால், கடைக்காரரின் தரப்பு தனக்கான இலாபத்தையும் சேர்த்தே மாற்று விகிதத்தை வைக்கும்.

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடமளிக்கிறது. பான் எண் கட்டாயம். இந்நாடுகளுக்கான ஒரு பயணத்திற்கு 3,000 டாலர் மதிப்பு வரையே நோட்டுகளாக எடுத்துச் செல்லலாம். எஞ்சியது அட்டையில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை ஒரு நிறுவனத்திடம் வாங்கினால், டி.சி.எஸ். எனப்படும் வரி முதல் ரூபாயிலிருந்தே வசூலிக்கப்படும். நீங்களே தனித்தனியாக ஏற்பாடு செய்து, அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டால், 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட 10 இலட்சம் ரூபாய் வரம்பைக் கடந்த தொகைக்கே அது பொருந்தும். இந்த வரி செலவு அன்று. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக இருப்பின் திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை அப்பணம் உங்கள் கையில் இராது என்பதைத் திட்டத்தில் கணக்கிட வேண்டும்.

நகரங்களில் நாள்தோறும்

ஸ்டாக்ஹோமும் ஹெல்சிங்கியும் செலவு மிகுந்த நகரங்கள், தாலின் இடைநிலை, ரீகாவும் வில்னியஸும் குறைந்த செலவின. திட்டத்தில் பிந்திய நகரங்களுக்குக் கூடுதல் நாள் தந்தால் மொத்தச் செலவு தானே இறங்கும்.

சமையலறை வசதியுள்ள தங்குமிடம் சைவ உணவினருக்குப் பெரும் உதவி. கறுப்பு ரொட்டி, தயிர், பாலாடைக்கட்டி, காய்கள், பழங்கள் ஆகியவை பல்பொருள் அங்காடிகளில் எளிதாகக் கிடைக்கும். குழாய் நீரையே குடிக்கலாம்; புட்டிநீர் வாங்கத் தேவையில்லை. மதிய வேளையில் உணவகங்கள் தரும் குறைந்த விலை உணவைப் பெரிய வேளையாக வைத்துக்கொண்டு, இரவில் எளிமையாக முடித்துக்கொள்வது அந்நகரங்களுக்கேற்ற முறை.

தாலினில் பொதுப் போக்குவரத்து இலவசம் என்று பலர் எழுதியிருப்பதைக் காணலாம். 2013இல் வந்த அச்சலுகை, அந்நகரில் பதிவு செய்து வாழ்வோருக்கே உரியது. பயணிகள் சீட்டு எடுத்தாக வேண்டும், தவறினால் அபராதம். திங்கள்கிழமைகளில் பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதையும் நாள் வகுக்கும்போது கவனிக்க வேண்டும். ஷெங்கன் நாடுகளுக்கிடையே வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை இல்லையெனினும், கப்பலிலும் பேருந்திலும் அடையாளம் கேட்கப்படலாம். கடவுச்சீட்டு எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். மூன்று பழைய நகரங்களிலும் கருங்கல் பாவிய தெருக்களே மிகுதி. சக்கரப் பெட்டியும் குதிகால் செருப்பும் அங்குத் துன்பம் தரும். முழங்கால் வலி உள்ளோர் நாளொன்றுக்கு அரை நாள் ஓய்வை முன்கூட்டியே ஒதுக்குவது நலம்.

புறப்படும் முன் ஒரு சோதனை

இனி, வாசா கப்பலில் பாதியில் நிறுத்தப்பட்ட அந்தச் சோதனைக்கு வருவோம். சீட்டுகளை உறுதி செய்யும் முன், ஒரு மாலை குடும்பத்துடன் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விசா மறுக்கப்பட்டால், திரும்ப வராத தொகை எவ்வளவு? பயணத்திற்குள் யூரோ பத்து சதவீதம் ஏறினால், கூடுதல் தொகை எங்கிருந்து வரும்? பயணத்தின் நடுவிலோ, திரும்பிய மறுமாதமோ வீட்டில் ஒருவருக்கு மருத்துவச் செலவு நேர்ந்தால், கையில் என்ன இருக்கும்?

ஓய்வுபெற்ற நாளில் வந்த பணிக்கொடையைப் போட்டு வைத்த வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முறித்துப் பயணம் செல்ல எண்ணுவோர் உண்டு. வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்கள் உலகைக் காண விரும்புவதில் தவறொன்றும் இல்லை. அந்த வைப்பு மருத்துவத்திற்கும் முதுமைக்கும் ஒதுக்கியதா, உபரியா என்பதே கேள்வி. முதல் வகையாயின், பயணத்தை இரண்டு ஆண்டு தள்ளிவைத்து, அதற்கெனவே தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கலாம்.

ஒரு கணக்கு. மாதம் 15,000 ரூபாய் வீதம் 24 மாதங்கள், 6.5 சதவீத வட்டியில் தொடர் வைப்பில் செலுத்தினால், 3,60,000 ரூபாய் அசலுடன் ஏறத்தாழ 25,000 ரூபாய் வட்டியாகச் சேரும். அதே 3,60,000 ரூபாயை 12 சதவீத வட்டியில் தனிநபர்க் கடனாகப் பெற்று 24 மாதங்களில் அடைத்தால், ஏறத்தாழ 46,700 ரூபாய் வட்டியாகப் போகும். இரண்டிற்கும் இடையே 71,000 ரூபாய்க்கு மேல் வேறுபாடு. கடன் வழங்குவது வங்கியின் தொழில்தான். ஆயினும் காத்திருக்கக் கூடிய இன்பத்திற்குக் காத்திருப்பதே இலாபம் என்று வாடிக்கையாளரிடம் சொல்வதும் வங்கியாளரின் கடமை.

மூன்று கேள்விகளுள் ஒன்றிற்கேனும் விடை தடுமாறினால், பயணத்தையே கைவிட வேண்டியதில்லை. ஒரு நகரத்தைக் குறைக்கலாம், நான்கு இரவுகளைக் குறைக்கலாம், ஓராண்டு தள்ளலாம். ஸ்டாக்ஹோமில் அன்று செய்யாமல் விட்டது அதைத்தான். மன்னர் அயல்நாட்டில் போர்முனையில் இருந்தார். கப்பலை விரைந்து அனுப்புமாறு அவரிடமிருந்து கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. ஆட்டத்தைக் கண்ணால் கண்டவர்களும் நிறுத்தச் சொல்லத் துணியவில்லை. நம் பயணத்திற்கு அத்தகைய அரச ஆணை ஏதும் இல்லை. துறைமுகத்தில் நிற்கும்போதே பாரத்தைக் குறைத்துவிட்டால், வாசாவை அருங்காட்சியகத்தில் மனநிறைவோடு நின்று பார்க்கலாம்.